எழுபது கஜம் முன்னால்

1985-இல் ‘கோல்ஃப் டைஜஸ்ட்’ பத்திரிகை ஒரு வேடிக்கைப் போட்டி நடத்தியது. அமெரிக்காவில் ஆசை ஆசையாய்க் கோல்ஃப் ஆடியும் ஆட்டம் கைவராதவர்களில் முதலிடம் யாருக்கு என்பதுதான் போட்டி. நடந்த இடம் ஃபுளோரிடாவிலுள்ள டிபிசி சாக்ராஸ் மைதானம். அதன் 17-ஆவது குழி உலகப் பிரசித்தம்: சுற்றிலும் தண்ணீர், நடுவே தீவாக ஒரு புல்திட்டு, திட்டின்மேல் கொடி. தூரம் ஒன்றும் அதிகமில்லை, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே 137 கஜம்தான். மூன்று அடியில் முடிக்கவேண்டிய அந்தக் குழியைப் போட்டியில் ‘ஜெயித்தவர்’ 66 அடியில் முடித்தார். பந்து மேல் பந்தாகத் தண்ணீருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தீவுக்குப் போகிற ஒடுக்கமான நடைபாதையில் பந்தை உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அன்று 18 குழிக்கும் சேர்த்து அவர் கணக்கு 257.

அந்தத் தீவு ஆலிஸ் டையின் யோசனை. அவர் கணவர் பீட் டை மைதானத்தை அமைத்துக்கொண்டிருந்தபோது, அந்த மூலையில் நல்ல மணல் இருந்ததால் மற்ற குழிகளுக்கு வேண்டியதையெல்லாம் அங்கேயே தோண்டி எடுத்தார்கள். மிஞ்சியது பெரும் பள்ளம். தண்ணீரை விட்டு நடுவில் கிரீனை, அதாவது கொடி நிற்கும் புல்திட்டை, வைத்துவிடலாமே என்று ஆலிஸ் சொல்ல, 1980-இல் மைதானம் திறந்தபோது தீவு தயாராக இருந்தது. கடினமான மைதானத்துக்குள் எளிய ஆட்டக்காரர்களைக் கூப்பிடுவது எப்படி என்ற கேள்விக்கு இந்த அம்மையாரை விட்டால் வேறு வாசல் இல்லை. ஆட்டக்காரர்களை மிரளவைக்கும் குழிக்கு வழி சொன்னவரும் அவர். டீயை முன்னால் கொண்டுவாருங்கள் என்று பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியவரும் அவர். இரண்டும் முரண்பாடாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டீ என்றதும் நம் மனத்தில் கண்ணாடி கிளாஸ்தான் வரும். கோல்ஃபில் அந்தப் பெயர் இரண்டு பொருளுக்கு. ஒன்று, பந்தைத் தூக்கி வைக்கிற சின்ன ஆணி. அதன் மர வடிவம் ஒன்றுக்கு 1899-இல் காப்புரிமை வாங்கியவர் பாஸ்டனில் இருந்த கறுப்பினப் பல் மருத்துவர் ஜார்ஜ் கிராண்ட். மற்றது, ஒவ்வொரு குழியையும் ஆடத் தொடங்குகிற, சமன்படுத்திப் புல் வளர்த்த மேடை. இங்கே டீ என்றால் மேடைதான். ஒரே குழிக்குப் பின்னிருந்து முன்னாக மூன்று, நான்கு மேடைகள் இருக்கும். நன்றாக அடிப்பவர் பின் டீயில், மற்றவர்கள் அவரவர் சக்திக்கேற்ப முன்னே.

பின் டீதான் ‘உண்மையான’ மைதானம், முன்னால் இருப்பதெல்லாம் சலுகை என்று நினைப்பவர்கள் சற்றுப் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம். 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் மைதானத்துக்காக எழுதிய 13 விதிகளில் முதலாவது, முடித்த குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் அடுத்த பந்தை வைத்து அடிக்கச் சொல்கிறது. தனி மேடை என்பது 19-ஆம் நூற்றாண்டு ஏற்பாடு. கிரீனைப் பந்து உருட்டுவதற்கு வழவழப்பாக வைத்துக்கொள்ள வேண்டும், அங்கேயே நின்று மட்டையை வீசினால் புல் பெயர்ந்துபோகும், அதனால் தள்ளிப்போனது. வசதிக்காக நகர்ந்த இடம், இன்னொரு வசதிக்காக இன்னும் கொஞ்சம் நகர்வதில் சாத்திரக் குற்றம் எதுவும் இல்லை.

பெண்களின் கதை இதில் தனி. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-இல் அவர்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கியது. ஆனால் பந்தை உருட்டி ஆடுவதோடு சரி. மட்டையை ஓங்குகிற ஆட்டம் அவர்களுக்கு ஆகாது. 1890-இல் வந்த ஒரு பிரபல கோல்ஃப் நூலில் பிரபு ஒருவர், பெண்கள் 70, 80 கஜத்துக்கு மேல் அடிக்காமலிருப்பது உத்தமம் என்று யோசனை சொல்கிறார். அவர்களால் முடியாது என்பதால் அல்லவாம். அதற்குமேல் அடிக்க மட்டை தோளுக்கு மேலே போகவேண்டும், அது பார்க்க நன்றாயிராதாம். பிறகு ஒரு நூற்றாண்டில் காட்சி தலைகீழ். பெண்களையும் நீளமான மைதானத்துக்குள் விட்டார்கள். விட்டவர்கள், ஆண்கள் டீக்குச் சற்று முன்னால் சிவப்புக் குறியிரண்டைப் போட்டு, இது உங்களுக்கு என்றார்கள். அமெரிக்காவில் அந்தச் சிவப்பு டீயிலிருந்து மொத்த நீளம் 5,000 முதல் 5,500 கஜம் என்பது வெகுகாலம் வழக்கம். முன்பு தோளுக்கு மேல் ஓங்காதே என்றவர்கள், இப்போது ஓங்கினாலும் எட்டாத தூரத்தில் நிறுத்தினார்கள்.

எட்டாது என்று சும்மா சொல்லவில்லை. மைதானங்களின் கடினத்தை அளப்பதற்கு, ஆட்டக்காரரின் பலத்துக்கேற்ப அடிகளை விட்டுக்கொடுக்கும் ஹேண்டிகேப் அமைப்பு நான்கு மாதிரி ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்கிறது. தேர்ந்த ஆண் முதல் அடியில் 250 கஜம் அடிப்பார், இரண்டு அடியில் 470 கஜக் குழியை எட்டுவார். தேர்ந்த பெண் 210, இரண்டடியில் 400. நடுத்தர ஆண் 200, இரண்டடியில் 370. நடுத்தரப் பெண் 150, இரண்டடியில் 280. நான்காவது வரிதான் நம் விஷயம்.

ஒரு குழியைக் கற்பனை செய்துகொள்வோம். பின் டீயிலிருந்து 400 கஜம், நான்கு அடியில் முடிக்கவேண்டியது. 250 அடிக்கிறவர் முதல் அடிக்குப்பின் பந்தருகே வந்து நிற்கிறார். மிச்சம் 150 கஜம். கிரீனுக்கு இடப்பக்கம் ஒரு மணற்குழி, அதாவது பங்கர், வலப்பக்கம் சரிவு. கொடி இடப்பக்கம் இருக்கிறது. நேரே கொடிக்குப் போகலாமா, நடுவில் போட்டுவிட்டு உருட்டிக்கொள்ளலாமா? காற்று எப்படி? பையிலிருந்து ஒரு மட்டையை எடுக்கிறார், வைக்கிறார், வேறொன்றை எடுக்கிறார். கோல்ஃபின் ருசி முழுவதும் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

அதே குழியைச் சிவப்பு டீயிலிருந்து 340 கஜத்தில் ஆடும் பெண்ணைப் பாருங்கள். 150 அடித்தார். மிச்சம் 190. அவருடைய இரண்டாவது அடி எவ்வளவு நன்றாகப் பட்டாலும் 130. ஆகவே யோசிக்க ஒன்றுமில்லை. இருப்பதிலேயே நீளமான மட்டையை எடுத்து முன்னே தள்ளவேண்டியதுதான். பங்கர், சரிவு, கொடி எதுவும் அவர் கணக்கில் வராது. இன்னும் 60 கஜம் இருக்கிறது. மூன்றாவது அடியில்தான் கிரீன். 18 குழிகளில் பெரும்பாலானவற்றில் இதே கதை: தள்ளு, தள்ளு, அப்புறம் ஆடு. அவரை எழுபது கஜம் முன்னால், 270-இல் நிறுத்துங்கள். முதல் அடிக்குப்பின் மிச்சம் 120. இப்போது அவருக்கும் பங்கர் கண்ணில் படுகிறது. அவரும் பையைத் துழாவுகிறார்.

மைதானத்தை எளிதாக்கிவிட்டோம் என்று சிலர் குறைப்படுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் பங்கரில் விழும் வாய்ப்பே கிடைத்திருக்கிறது.

இதையே பெரிய கணக்காகவும் போடலாம். 300 கஜம் அடிக்கும் தொழில்முறை ஆட்டக்காரர் ஏறக்குறைய 7,200 கஜ மைதானத்தில் ஆடுகிறார். தன் அடியின் 24 மடங்கு. 150 அடிக்கும் பெண் 5,200 கஜத்தில் ஆடினால் அது அவர் அடியின் கிட்டத்தட்ட 35 மடங்கு. அந்த விகிதத்தைத் தொழில்முறைக்காரருக்குப் போட்டால் அவர் 10,400 கஜ மைதானத்தில் ஆடவேண்டும். அப்படியொரு மைதானத்தை யாராவது கட்டினால் வீரர்கள் சங்கம் வைத்துப் போராடுவார்கள். கலிஃபோர்னியாவில் பீட் டை 1986-இல் திறந்த பிஜிஏ வெஸ்ட் ஸ்டேடியம் மைதானத்தில் மறு ஆண்டு ஒரு போட்டி நடந்தது. இது ரொம்பக் கடினம் என்று நட்சத்திர ஆட்டக்காரர்களே புலம்ப, போட்டி வேறு மைதானத்துக்குப் போய்விட்டது. புலம்ப இடமிருந்தவர்கள் புலம்பினார்கள். சிவப்பு டீயில் நின்றவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். பலர் திரும்பி வரவில்லை.

ஆலிஸ் டை சும்மா பேசியவரல்ல. 1970-இல் கர்ட்டிஸ் கோப்பை என்ற பெண்கள் அணிப் போட்டியில் ஆடியவர். 1978-இலும் 1979-இலும் அமெரிக்க மூத்த பெண்கள் அமெச்சூர் பட்டம் வென்றவர். மைதான வடிவமைப்பாளர்களின் அமெரிக்கச் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினர், பின்னாளில் முதல் பெண் தலைவர். தமக்குப் போதுமான தூரம் அடிக்கத் தெரிந்தும், அடிக்க முடியாதவர்களுக்காக வாதாடினார். பெண்களுக்கு ஒரு டீ போதாது, இரண்டு வேண்டும் என்பது அவர் கட்சி. பெண்களுக்குள்ளேயே தேர்ந்தவருக்கும் நடுத்தரத்தவருக்கும் முதல் அடியில் 60 கஜ வித்தியாசம் என்று மேலே பார்த்தோம். ஆண்களுக்கு மூன்று டீ வைத்துவிட்டுப் பெண்கள் எல்லோரையும் ஒரே மேடையில் நெருக்கியதில் என்ன நியாயம்?

அவருடைய மிகக் கூர்மையான கவனிப்பு தூரத்தைப் பற்றியதில்லை, இடத்தைப் பற்றியது என்பேன். முன் டீ பல மைதானங்களில் பின்யோசனையாக வந்தது. கட்டி முடித்தபின் எங்கே காலி என்று பார்த்து, மர நிழலில், ஓரமாய், ஒரு கார் நிறுத்தும் அளவுக்கு ஒரு திட்டு. நிழலில் புல் வளராது. தரை சமமாக இராது. பாதை இடப்பக்கம் வளைகிற குழியில் டீயைத் தப்பான பக்கத்தில் வைத்தால், ஆடுபவர் நேராக அடித்த நல்ல அடியே எதிர்ப்புறப் புதருக்குள் போய்விடும். சில இடங்களில் பின் டீக்காரர் எளிதாகத் தாண்டிவிடும் சதுப்பை, முன் டீக்காரர் தம் சக்திக்கு மீறித் தாண்டவேண்டியிருக்கும். இப்படி ஒரு மேடையை வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லையே என்று கிளப் கூட்டத்தில் கவலைப்படுவது ஒரு வகை.

சிறுவயதுத் தெருவாட்டத்தில் நண்டு சிண்டுகளை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வோம். சொல் இன்று காதில் உறுத்துகிறது. ஆனால் அது குறிக்கும் நிலைக்கு வேறு பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆட்டத்தில் இருப்பான், அவுட் கிடையாது, எடுத்த ரன்னும் கணக்கில் ஏறாது. அவனைத் துரத்தவில்லை என்று பெரியவர்களுக்குத் திருப்தி. அவனுக்குத் தெரியும், தான் ஆடவில்லை என்று. மர நிழல் மேடை அந்த வகை. நல்ல முன் டீ வேறு ஜாதி: அங்கிருந்து அடித்தாலும் அவுட் உண்டு, ரன்னும் உண்டு.

ரன்னைக் கணக்கில் ஏற்றுவது பெரிய வேலை. அது நடந்திருப்பதால்தான் இத்தனை பேச்சுக்கும் இடம். 1980-களில் டீன் நுத் என்பவர் உருவாக்கிய ‘ஸ்லோப்’ அளவு, ஒரு டீயிலிருந்து மைதானம் நடுத்தர ஆட்டக்காரரைத் தேர்ந்தவரைவிட எவ்வளவு கூடுதலாகப் படுத்துகிறது என்று சொல்கிறது. குறைந்தது 55, அதிகம் 155, நடுநிலை 113. ஹேண்டிகேப் எண் 20 உள்ள ஒருவர் ஸ்லோப் 140 உள்ள பின் டீயில் ஆடினால் அவருக்கு அன்று கிடைக்கும் அடிகள் ஏறக்குறைய 25. அதே ஆள் ஸ்லோப் 113 உள்ள முன் டீக்கு வந்தால் 20. இதுபோக வேறு திருத்தங்களும் உண்டு. 2020-இல் உலகத்துக்கெல்லாம் ஒரே ஹேண்டிகேப் முறை வந்ததிலிருந்து, தாத்தா ஒரு டீயிலும் பேத்தி ஒரு டீயிலும் நின்று நியாயமாகப் பந்தயம் கட்டலாம். ஆனால் ஓட்டை ஒன்று உண்டு. ஒவ்வொரு டீயையும் ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் தனித்தனியே மதிப்பிடவேண்டும். முன் டீயைப் பெண்களுக்கு மட்டும் மதிப்பிட்டுவிட்டு விட்டால், அங்கிருந்து ஆடும் 75 வயதுக்காரரின் ஆட்டம் ஹேண்டிகேப் கணக்கில் நேரடியாக ஏறாது. சிறு செலவு, சிறு வேலை. இதைச் செய்யாமலே ‘எல்லோருக்கும் டீ’ என்று பலகை மாட்டும் கிளப்புகளை என்ன சொல்ல?

அந்த 75 வயதுக்காரர்தான் இந்தக் கேள்வியின் கடினமான பகுதி. பெண்களுக்கு முன் டீயைக் கட்டினால் போதும். ஆண்களுக்குக் கட்டியும் பயனில்லை, போகமாட்டார்கள். 2011-இல் அமெரிக்க பிஜிஏ, யுஎஸ்ஜிஏ என்ற இரு கோல்ஃப் சங்கங்களும் சேர்ந்து ‘முன்னே வந்து ஆடுங்கள்’ என்று ஓர் இயக்கம் நடத்தின. யோசனை மட்டை வியாபாரி பார்னி ஆடம்ஸுடையது. டிரைவர் என்ற நீள மட்டையால் 250 கஜம் அடிப்பவர் 6,200 முதல் 6,400 கஜ மைதானத்தில் ஆடட்டும். 200 அடிப்பவர் 5,200 முதல் 5,400. 150 அடிப்பவர் 3,500 முதல் 3,700 என்று பட்டியல் போட்டார்கள். கவனியுங்கள்: பெண்களுக்கென்று வெகுகாலம் ஒதுக்கிய சிவப்பு டீயின் நீளம், பட்டியல்படி 200 கஜம் அடிக்கும் ஆணுக்குரியது. அதாவது நடுத்தர ஆண் நிற்கவேண்டிய இடத்தில் பெண்ணை நிறுத்திவிட்டு, அந்த ஆண் அதற்கும் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தார்.

பட்டியல் சரி, மனசு? தான் எவ்வளவு தூரம் அடிக்கிறோம் என்று ஒருவரைக் கேட்டால், வாழ்நாளில் காற்றும் சரிவும் கைகொடுத்த ஒரே ஒரு அடியைச் சொல்வார். ‘லேடீஸ் டீ’ என்று பேர் வைத்த இடத்துக்கு நண்பர்கள் பார்க்க நடந்துபோவதைவிட, பின்னால் நின்று 110 அடித்துக் களைப்பது அவருக்குக் கௌரவம். அகஸ்டா நேஷனலில், மாஸ்டர்ஸ் நடக்கும் அந்த அகஸ்டாவில், இரண்டே டீதான்: போட்டிக்கு 7,500 கஜத்துக்கும் மேல், உறுப்பினர்களுக்கு 6,300 சொச்சம். உலகின் மிகப் புகழ்பெற்ற கிளப்புகளில் ஒன்றின் உறுப்பினர்களே 1,000 கஜத்துக்கு மேல் முன்னே வந்துதான் ஆடுகிறார்கள். அங்கே அதற்கு ‘உறுப்பினர் டீ’ என்று பெயர். ஆகவே யாருக்கும் தலை குனியவில்லை.

பெயரில்தான் சூட்சுமம் என்று புரிந்துகொண்ட இடம் வட கரோலினாவின் சதர்ன் பைன்ஸில் உள்ள லாங்லீஃப். யுஎஸ் கிட்ஸ் கோல்ஃப் அறக்கட்டளையும் வடிவமைப்பாளர்கள் சங்கமும் சேர்ந்து அங்கே ஏழு டீ வைத்தன. அவற்றை வடிவமைத்தவர் பில் பெர்கின். டீக்கு ஆண், பெண், முதியோர் என்ற பெயர் கிடையாது, எண் மட்டும். அதைவிட அழகு, பயிற்சித் திடலில் நட்டிருக்கும் வண்ணக் கம்பங்கள். வந்தவர் முதலில் அங்கே நாலு பந்து அடித்துப் பார்க்கலாம். பந்து எந்தக் கம்பத்தருகே விழுகிறதோ, அந்தக் கம்பத்தின் எண்தான் இன்றைக்கு உங்கள் டீ. மேலாளர் சொன்னால் கோபம் வரும், மனைவி சொன்னால் வம்பு வரும். கம்பத்தோடு யார் சண்டை போடுவது? வடிவமைப்பாளர் ஜான் பெல் ஜான் என்ற அம்மையார் தம் முன் மேடைகளுக்கு ‘ஸ்கோரிங் டீ’ என்று பெயர் வைத்ததும் இதே தந்திரம்தான். நல்ல ஸ்கோர் வேண்டாம் என்கிற ஆண்மகன் இன்னும் பிறக்கவில்லை.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. கொலராடோவில் டாம் டோக் வடிவமைத்த பாலிநீலில் டீக்குக் குறிகளே இல்லை. முந்தைய குழியை ஜெயித்தவர் எங்கே நின்று அடிப்போம் என்று காட்டுகிறார், மற்றவர்களும் அங்கிருந்தே அடிக்கிறார்கள். ஓரளவு சம பலமுள்ள நண்பர்களுக்கு இது அமிர்தம். புதிதாக வருபவருக்கு, எங்கே நிற்பது என்று யாரைக் கேட்பது என்ற கூச்சம் மிஞ்சும்.

இனி ஆட்சேபங்கள். மைதானத்தின் ‘கௌரவம்’ போய்விடும் என்பதை மேலே பார்த்தாயிற்று. செலவு என்பது நிஜமானது: மண் கொட்டிச் சமன்செய்து, வடிகால் வைத்து, தண்ணீர்க் குழாய் இழுத்து, 18 இடத்தில் புல் வளர்த்து, பிறகு காலமெல்லாம் வெட்டவேண்டும். காசில்லாத கிளப்புகள் ஃபேர்வேயிலேயே, அதாவது டீக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள புல்வெளியிலேயே, ஒரு பகுதியைத் தாழ வெட்டி இரண்டு குறிகளை வைத்துவிடுகின்றன. தரை சமமாக இருந்தால் அதுவே போதும் என்பது என் எண்ணம். சில குழந்தைப் பயிற்சி முறைகளில் கிரீனிலிருந்து 25 கஜத்திலேயே புல்மேல் வைத்துத் தொடங்குகிறார்கள், யாரும் மேடை கேட்பதில்லை. முன் டீ வந்தால் ஆட்டம் சீக்கிரம் முடியும் என்ற வாக்குறுதியில்தான் எனக்கு அரைமனது. அடி குறையும், பந்து தேடுவது குறையும், உண்மை. ஆனால் எட்டு நிமிடத்துக்கொரு குழுவை உள்ளே அனுப்பினால் எந்த டீயில் நின்றாலும் காத்திருக்கவேண்டியதுதான்.

கனமான ஆட்சேபம் வேறு. தூரம் மட்டுமே கடினமில்லை. பலம் குறைந்தவர் பந்து தாழப் பறக்கும், விழுந்து ஓடும். மேலே எழும்பி நின்று விழாது. கிரீனுக்கு முன்னால் குறுக்கே பங்கர் போட்டு அடைத்திருந்தால், 70 கஜம் முன்னால் வந்தும் அவர் உருட்டி உள்ளே போகமுடியாது. முன் டீயைக் கட்டுகிறவர்கள் கிரீனின் வாசலில் ஒரு பக்கமாவது திறந்துவைக்கவேண்டும். அதைச் செய்ய மனமில்லாமல் டீயை மட்டும் நகர்த்துவது, படியைத் தாழ்த்திவிட்டுக் கதவைப் பூட்டுகிற காரியம்.

ஆலிஸ் டை 2019-இல் 91 வயதில் காலமானார். பீட் மறு ஆண்டு ஜனவரியில். சாக்ராஸின் 17-இல் முன் டீயில் நின்று பார்த்தாலும் தீவு தீவாகத்தான் இருக்கிறது. தண்ணீர் சுற்றியிருக்கிறது, முன்னால் வலப்பக்கம் அந்தக் குட்டி பங்கர் இருக்கிறது, கரைமரப் பலகைகளில் பட்டால் பந்து எங்கே தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. 1985-இல் அந்த மனிதர் பந்தை உருட்டிக்கொண்டு போன நடைபாதையும் அங்கேயே இருக்கிறது. இப்போதெல்லாம் அதில் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரும்பாலும் நடந்துதான் போகிறார்கள்.